பால்மரத்தடியில் உயிரியல் பாடம்

விடியுமுன் பால் வெட்டச் செல்வது ஏன் என்று தோட்டத்தில் யாரைக் கேட்டாலும், "வெயில் ஏறினால் பால் ஓடாது" என்று உடனே விடை வரும். அவ்விடையில் பிழையில்லை. அதையே உயிரியல் நூல்கள், உயிரணுவின் நீரழுத்தம் என்றும் இலைவழி நீர் ஆவியாதல் என்றும் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும் தோட்டத்து மாணவன் அப்பக்கங்களை இரவெல்லாம் மனனம் செய்கிறான். மறுநாட் காலை அவனுடைய தாயார் அதே பாடத்தைக் கையில் கத்தியுடன் நடத்தப் போகிறார் என்பது அவனுக்குத் தெரியாது. தாயாருக்கும் தெரியாது.

தோட்டத்து மக்களின் செடிகொடி அறிவைப் பள்ளியின் உயிரியல் பாடத்துக்குத் துணையாக்குவது எப்படி என்பதை இம்மாதம் ஆராய்வோம். இஃது ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இப்பாடத்துக்கு வேண்டிய சரக்கில் பாதி உங்களிடம்தான் இருக்கிறது.

நம் நாட்டில் உயிரியல் பாடம் நெடுங்காலம் ஆங்கில நாட்டில் அச்சான நூல்களைக் கொண்டே நடந்தது. பனி பெய்யும் நாட்டின் மரங்களையும் அங்கே வேனிலில் பூக்கும் மலர்களையும் படத்தில் கண்டு படித்தவர்கள் நம்முள் பலர். இக்குறையை உணர்ந்து எழுதிய அறிஞர்களும் இருந்தனர். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய கார்னர், மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றிய பெருநூலை 1940-இல் வெளியிட்டார். உயரமான மரங்களின் கிளைகளைப் பறித்துத் தருவதற்கு அவர் குரங்குகளைப் பழக்கி வைத்திருந்தார் என்பது சுவையான செய்தி. அத்தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹோல்ட்டம், மலாயாவின் செடிகளையே சான்றாக வைத்துத் தாவரவியலை விளக்கும் நூல் ஒன்றை 1954-இல் எழுதினார். இரண்டும் ஆங்கில நூல்கள். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையின் கைக்கு அவை எட்டியிருக்க வழியில்லை.

இன்றைய பாடநூல்கள் இந்நாட்டுச் செடிகளை ஒதுக்குவதில்லை. ஆயினும் பாடநூல் நாடு முழுவதற்கும் பொதுவானது. உங்கள் தோட்டத்து நிரைகளுக்கு இடையில் என்ன முளைக்கிறது, எம்மாதத்தில் காய்க்கிறது என்பதை அஃது அறியாது. அதை அறிந்தவர்கள் நீங்கள்.

பட்டைக்குள் இருப்பது என்ன?

ஆசிரியப் பணியிலிருந்து இத்துறைக்கு வந்த நாம், பால்மரத்தைக் காட்டிலும் சிறந்த பாடக்கருவி ஒன்றை இதுவரை கண்டதில்லை. ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறுவோம்.

மண்ணிலிருந்து வேர் உறிஞ்சும் சாறே பாலாக மேலேறி வருகிறது என்று பலர் கருதுகின்றனர். அப்படியன்று. கத்தி தவறிக் கட்டையில் பட்டுவிட்டால் அந்தக் கட்டையிலிருந்து பால் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். வாராது. பால் முழுவதும் பட்டையில்தான் இருக்கிறது. வெளியே சொரசொரப்பான தக்கைப் பட்டை, அதன் உள்ளே கடினப் பட்டை, அதற்கும் உள்ளே மிருதுவான பட்டை என அது மூன்று படிகளாக அமைந்திருக்கிறது. பாற்குழாய்கள் உள்ளிருக்கும் மிருதுவான பட்டையிலேதான் மிகுதி. வேர் உறிஞ்சும் நீரோ பட்டையைத் தொடாமல் கட்டையின் வழியே மேலேறுகிறது. இலை சமைத்த சர்க்கரை பட்டையின் வழியே கீழிறங்குகிறது. பாடநூலில் 'சைலம்', 'புளோயம்' என்று படித்துப் பிள்ளைகள் குழம்பும் செய்தி இதுதான். சைலம் கட்டையில் உள்ளது. புளோயம் பட்டையில் உள்ளது. பாற்குழாய் சர்க்கரைக் குழாயினின்று வேறானது. எனினும் இரண்டும் அதே மிருதுவான பட்டையிலேயே குடியிருக்கின்றன.

பட்டைக்கும் கட்டைக்கும் இடையே காகிதம் போன்ற மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. உள்நோக்கிக் கட்டையையும் வெளிநோக்கிப் பட்டையையும் ஆக்குவது அதுவே. நன்றாகச் சீவத் தெரிந்தவர் அப்படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை சென்று கத்தியை நிறுத்திவிடுவார். ஒரு சீவலுக்கு அவர் எடுக்கும் பட்டையின் அகலம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான். இருட்டில், தலைவிளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த அளவு தவறாமல் சீவும் கை எத்தகைய பயிற்சி பெற்றதாக இருக்க வேண்டும்! அளவு மீறினால் படலம் காயப்படும். புதுப்பட்டை சமமாக வளராது. மரத்தில் முண்டும் முடிச்சும் விழும். காயம் பட்ட மரத்தைக் கண்டு கங்காணி ஏன் கடிந்துகொள்கிறார் என்பதற்கான காரணமும் இப்படலமே. வளர்படலம் என்னும் சொல்லைப் பத்து முறை எழுதிப் படிப்பதைவிட, முண்டு விழுந்த பழைய மரம் ஒன்றைத் தடவிப் பார்ப்பது மாணவனுக்கு அதிகம் கற்பிக்கும்.

கோடு ஏன் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்கிறது? பாற்குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்லை. மேலே போகப் போகச் சற்றே வலப்புறம் சாய்ந்து மரத்தைச் சுற்றிச் செல்கின்றன. ஆகவே இடப்புறமிருந்து வலப்புறம் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இறங்கும் வெட்டு, மாற்றித் திருப்பிய வெட்டைவிட அதிகமான குழாய்களைத் திறக்கிறது. கோடு போடும் தகட்டை மரத்தில் வைத்துப் பிடித்த ஒவ்வொருவரும் இவ்வறிவைக் கையாண்டவரே.

இனி விடியற்காலைக்கு வருவோம். இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கின்றன. நீர் வெளியேறுவது மிகக் குறைவு. வேர் உறிஞ்சும் நீர் மரம் முழுதும் நிரம்பிப் பாற்குழாய்களும் விம்மி நிற்கும். அந்நேரத்தில் அவற்றின் உள்ளழுத்தம் ஏறத்தாழ 10 வளிமண்டல அழுத்தம் என அறிவியலார் அளந்திருக்கின்றனர். மோட்டார் வண்டிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் அது பல மடங்கு. கத்தி பட்டவுடன் பால் துளிர்த்துக் கோட்டில் ஓடுவது இந்த அழுத்தத்தினால்தான். வெயில் ஏறியதும் இலைகள் நீரை வெளியிடத் தொடங்கும், குழாய்கள் தளரும், ஓட்டம் குறையும்.

ஓடிய பால் ஏன் நின்றுவிடுகிறது என்பதையும் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். பாலில் மிதக்கும் நுண்ணிய பைகள், குழாய் வெட்டுண்ட இடத்தில் உடைகின்றன. அவற்றின் உள்ளிருக்கும் பொருள் பாலை உறையச் செய்து குழாய் வாயை அடைக்கிறது. கையில் காயம் பட்டால் குருதி உறைவது போன்ற ஏற்பாடு. மறுமுறை சீவுமுன் கோட்டிலிருந்து உரித்தெடுத்துக் கூடையில் போடும் ஒட்டுப்பால் அந்த உறைதலின் சாட்சி.

இம்முறையைக் கண்டறிந்த வரலாறும் பாடத்துக்குரியதே. பிரேசில் நாட்டில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரங்கள் சிதைந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, ஒரே வெட்டை மீண்டும் மீண்டும் மெல்லச் சீவித் திறந்தால் மரமும் கெடாது, பாலும் பெருகும் என்று சோதித்துக் காட்டினார். ஆனால் சோதனைக் குறிப்பு மட்டும் பாலைத் தந்துவிடாது. அதைக் கோடிக்கணக்கான மரங்களில் நாள்தோறும் செய்து இந்நாட்டின் செல்வமாக்கிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்த் தொழிலாளர்களின் கைகளாகும். பாடத்தில் இதற்கும் ஒரு வரி இருத்தல் நன்று.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாடம் கற்பதற்காகப் பிள்ளைகளை வேலைக்காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று நாம் கூறுவதாக யாரும் கொள்ளலாகாது. பெற்றோருக்குத் துணையாக மங்கு துடைத்து, வாளி சுமந்து, களைத்துப்போய் வகுப்பில் உறங்கிய பிள்ளைகளின் காலத்தை நாம் மறக்கவில்லை. பள்ளி விட்ட பின் ஒரு பிற்பகலில், பழைய மரம் ஒன்றின் அருகில் அரைமணி நேரம் நின்றால் போதும்.

கொட்டை சொல்லும் குலவரலாறு

காய் வெடிக்கும் ஓசையைக் கேட்டு வளராத தோட்டப் பிள்ளை இல்லை. முற்றிய பால்மரக் காய் வெயிலில் காய்ந்து, படீரென வெடித்து, தன் மூன்று கொட்டைகளையும் தொலைவில் எறிகிறது. காற்றையும் பறவையையும் எதிர்பாராமல் தானே விதை பரப்பும் மரத்துக்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. கொட்டையைச் சிமெந்துத் தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்துப் பையனின் கையில் வைத்து அலற வைத்தவர்கள், அதை மற்றொரு நாள் அறிவியலுக்கும் பயன்படுத்தலாம்.

கொட்டையின் மேலோட்டில் பழுப்பும் வெள்ளியுமாகக் கோலங்கள் உள்ளன. ஒரே மரத்துக் கொட்டைகள் யாவும் வடிவிலும் கோலத்திலும் ஒத்திருக்கும். அடுத்த இனத்து மரத்தின் கொட்டை வேறுபடும். காரணம் யாது? ஓடு தாய்மரத்தின் திசுவினால் ஆனது. அதில் தந்தை மரத்துக்குப் பங்கில்லை. உள்ளிருக்கும் முளையோ இரு மரங்களின் பிள்ளை. ஆதலால் ஓட்டைப் பார்த்துத் தாய்மரம் எந்த இனம் என்று பழகிய கண்ணுடையவர் கூறிவிடலாம். ஆனால் அக்கொட்டையை நட்டால் வளரும் மரம் தாயைப்போலவே பால் தரும் என்று கூற இயலாது. அதனால்தான் நாற்றுமேடையில் கண் ஒட்டும் முறை வந்தது. 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்னும் புகழ்பெற்ற இனத்தின் மரங்கள் அனைத்தும் ஒரே மரத்தின் கண்களிலிருந்து பெருக்கப்பட்டவை. மரபியல் பாடத்தின் கடினமான பகுதி ஒன்று கால்சட்டைப் பையில் அடங்கிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. பச்சைக் கொட்டையின் பருப்பில் நஞ்சு உண்டு. மரவள்ளியில் உள்ள அதே வகை நஞ்சு அது. கசப்பு மரவள்ளியைச் சீவி, நீரில் ஊறவைத்து, நன்றாக வேகவைத்து உண்ண வேண்டும் என்பதை 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அக்கிழங்கை நம்பி உயிர் பிழைத்த தலைமுறை நன்கறியும். ஊறுதலும் வேகுதலும் நஞ்சை எவ்வாறு நீக்குகின்றன என்பது வேதியியலும் உயிரியலும் சேர்ந்த பாடம். அத்தலைமுறையில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்களிடம் கேட்டறிய வேண்டியதை இப்போதே கேட்டுவிட வேண்டும்.

பெயரிலேயே பாடம்

வீட்டுப் பின்புறத்திலும் நடைபாதை ஓரத்திலும் முளைக்கும் கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலைகளின் கீழே சிறுசிறு நெல்லிக்காய் போன்ற காய்கள் வரிசையாகத் தொங்கும். கீழே காய்க்கும் நெல்லி என்று தமிழர் பெயரிட்டனர். மலாய்க்காரர்கள் அதை 'டுக்குங் ஆனாக்' என்பர். குழந்தையைத் தூக்கிச் சுமத்தல் என்பது பொருள். இலை காயைச் சுமக்கிறதாம். அறிவியலார் இட்ட 'ஃபில்லாந்தஸ்' என்னும் பெயருக்கோ, கிரேக்க மொழியில் இலைப்பூ என்று பொருள். மூன்று இடத்து மக்கள் தனித்தனியே அதே ஒன்றைக் கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்! கண்டதைக் கண்டபடி கூறுதலே அறிவியலின் முதற்படி என்றால், நம் பாட்டிமார் அப்படியில் நெடுங்காலத்துக்கு முன்பே ஏறிவிட்டனர்.

ஆசிரியர் இங்கிருந்து மேலும் ஒரு படி செல்லலாம். ஓர் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கிறது என்று நாம் கருதுவது உண்மையில் ஓர் இலையா? காய் தோன்றுவது இலையின் கோணத்தில்தான். சிற்றிலை என்று நாம் எண்ணிய ஒவ்வொன்றின் கோணத்திலும் காய் இருப்பதால், அவை ஒவ்வொன்றும் முழு இலையே. நாம் இலைக்காம்பு என்று நினைத்தது சிறுகிளை. இவ்வுண்மையைப் பிள்ளை தானே கண்டுபிடிக்குமாறு விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டுக் கூறிவிடும் ஆசிரியர், பாடத்தின் சுவையைத் தாமே உண்டுவிடுகிறார்.

செண்டுடோக் பழத்தைத் தின்று நாவெல்லாம் கருநீலமாகிப் பள்ளிக்கு வரும் பிள்ளையைக் கண்டிக்குமுன், அச்செடியின் அறிவியற் பெயரான 'மெலாஸ்தோமா' என்பதற்குக் கரிய வாய் என்றே பொருள் என்பதை வகுப்புக்குச் சொல்லலாம். சங்குப்பூவை நீரில் ஊறவைத்து, அந்நீல நீரில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். விலை கொடுத்து வாங்கும் சோதனைத் தாள் இல்லாத பள்ளிக்கு அதுவே புளிப்பைக் காட்டும் கருவி. கிளந்தான் மக்கள் சோற்றுக்கு நீல நிறம் ஏற்றுவதும் இப்பூவினால்தான்.

லாலாங் புல்லைப் பற்றி நாம் விளக்கத் தேவையில்லை. அதனுடன் போராடியவர்கள் நீங்கள். மேலே எத்தனை முறை வெட்டினாலும் அது மீண்டும் எழுவதற்கு, நிலத்தின் கீழே ஊசிமுனையுடன் ஓடும் தண்டே காரணம். அது வேரன்று, தண்டு. கணுவும் கண்ணும் அதில் இருப்பதைக் கையில் எடுத்துப் பார்த்தாலே விளங்கும். நிழலைத்தான் அது தாங்காது. இளமரக் காட்டில் நிலம் மூடும் கொடிகளைத் தோட்ட நிருவாகம் பரப்புவதன் நோக்கங்களுள் இதுவும் ஒன்று. மற்றொரு நோக்கம் கொடியின் வேரில் இருக்கிறது. கொடி ஒன்றை மண்ணோடு மெல்லப் பெயர்த்து வேரைக் கழுவினால் சிறு முடிச்சுகள் தெரியும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அதனுள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கிக்கொண்டிருக்கின்றன என்று அறியலாம். அச்சிவப்பு, நம் குருதிக்கு நிறம் தரும் பொருளுக்கு உறவான ஒன்று. தொட்டாற்சுருங்கியின் வேரிலும் இம்முடிச்சுகள் உண்டு. இலை சுருங்குவதை மட்டும் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கு அதன் வேரையும் காட்டலாம்.

ஆராய்ந்து ஏற்க வேண்டியவை

முன்னோர் அறிவு என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே பாடமாக்கிவிட முடியாது. இக்கருத்து சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் கூறியே ஆக வேண்டும்.

கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு மருந்து என்பது தோட்டத்தில் வழிவழியாக வரும் நம்பிக்கை. அறிவியலாரும் அச்செடியை ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் காமாலை என்பது ஒரே நோயின் பெயரன்று; பல நோய்களின் அடையாளம் அது. கல்லீரலைத் தாக்கும் நுண்கிருமிகளால் வரலாம். பித்தநீர்க் குழாய் அடைபட்டாலும் வரலாம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக் காய்ச்சல் முற்றினாலும் கண் மஞ்சளாகும். ஈரநிலத்திலும் வடிகாலிலும் நின்று வேலை செய்வோரை அந்நோய் எளிதில் பற்றும். தக்க மருந்து காலத்தில் கொடுக்கப்பட்டால் குணமாகும். காலம் தாழ்த்தினால் சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். கண் மஞ்சளானவரை மூன்று நாள் இலைச்சாறு கொடுத்து வீட்டில் வைத்திருப்பது, அந்தக் காலத்தை வீணாக்குவதாகும். அவரை உடனே மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆகவே உயிரியல் பாடத்தாளில் கீழாநெல்லியின் அமைப்பும், பெயரும், மக்கள் அதை எதற்குப் பயன்படுத்தினர் என்னும் செய்தியும் இடம்பெறலாம். எவ்வளவு அரைத்து எத்தனை வேளை குடிப்பது என்னும் குறிப்பு இடம்பெறலாகாது.

ஒத்த தோற்றமுள்ள செடிகளும் உண்டு. கீழாநெல்லியிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒரே வாய்க்காலோரத்தில் முளைக்கின்றன. குண்டுமணியின் சிவப்பழகில் மயங்கிப் பிள்ளைகள் அதை வாயிலிடுவதுண்டு. ஓடு உடைந்த ஒரு மணியும் பேராபத்து. அழகுக்கு வளர்க்கும் அரளியின் ஒவ்வோர் உறுப்பும் நஞ்சே. எதையும் சுவைத்துப் பார்க்கும் சோதனை பள்ளியில் வேண்டவே வேண்டா.

இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. நிரைகளில் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. கொடிய நஞ்சான பாரகுவாட் மருந்து நம் நாட்டில் 2002-இல் தடை செய்யப்பட்டது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. வேறு களைக்கொல்லிகள் பயன்பாட்டில் உள்ளன. மருந்து தெளித்த மறுநாளும் வல்லாரை பசுமையாகவே காட்சி தரக்கூடும். ஆதலால் பாடத்துக்கோ கறிக்கோ செடி பறிக்குமுன், அவ்விடத்தில் எப்போது மருந்து தெளிக்கப்பட்டது என்பதைத் தெளிப்பு வேலை செய்யும் பெண்களிடம் கேட்டறிய வேண்டும். இது புத்தகத்தில் இராத அறிவு. அவர்களிடம் மட்டுமே உள்ளது.

தாளில் எழுதுவது எவ்வாறு?

ஒரு செடிக்கு ஒரு தாள் போதும். மேலே செடியின் தமிழ்ப்பெயர், அதனடியில் மலாய்ப் பெயர், அதன்பின் அறிவியற் பெயர். மூன்றும் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் அறிவியல் பயிலும் பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் வேறு மொழியில் அதே பாடத்தைத் தொடர்கிறது. கீழாநெல்லியும் டுக்குங் ஆனாக்கும் ஒரே செடி என்பது முன்பே தெரிந்திருந்தால், புதிய வகுப்பில் கையை உயர்த்தி விடை கூறும் துணிவு அதற்குப் பிறக்கும். பெயர் தெரியாமையால் வாய்மூடி அமர்ந்திருக்கும் பிள்ளையை, பாடமே தெரியாத பிள்ளை என்று கருதிவிடும் வகுப்பறைகளும் உண்டு.

பெயர்களுக்குக் கீழே செடி கிடைத்த இடம், நாள், பூத்திருந்ததா காய்த்திருந்ததா என்னும் குறிப்பு. ஒரு கிளையைப் பழைய செய்தித்தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே கனமான பலகையை ஏற்றி, நாள்தோறும் தாளை மாற்றி உலர்த்தினால் ஒரு வாரத்தில் ஒட்டுவதற்கு ஏற்றதாகிவிடும். நம் நாட்டின் ஈரக் காற்றில் தாளை மாற்ற மறந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

கடைசியில், இச்செய்தியைக் கூறியவர் யார் என்பதையும் எழுத வேண்டும். நான்காவது லயத்துப் பாட்டி கூறியது என்றால் அப்படியே எழுதுக; அவருடைய இசைவைப் பெற்றே எழுதுக. மக்களின் மரபறிவை எடுத்தாள்வோர் அம்மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்னும் கொள்கை, உயிரியல் வளங்களைப் பற்றி 2017-இல் இயற்றப்பட்டு 2020-இல் நடைமுறைக்கு வந்த நம் நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. அச்சட்டம் ஆராய்ச்சியையும் வாணிகத்தையும் கருதியது. பள்ளித் தாளுக்கு அவ்வளவு தேவையில்லை எனினும் மரியாதை தேவை. தம் பெயர் பள்ளிக்கூடச் சுவரில் இருப்பதைக் கண்ட பாட்டி, அடுத்த வாரம் மேலும் மூன்று செடிகளைக் கொண்டுவந்து கொடுப்பார்.

இவற்றையெல்லாம் இப்போது கூறுவதற்குக் காரணம் உண்டு. ரப்பர்க் காடுகள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்பு நிலங்களாகவும் மாறிவிட்டன. நாட்டின் ரப்பரில் பெரும்பகுதி இன்று சிறு தோட்டக்காரர்களிடமிருந்தே கிடைக்கிறது. தமிழ்ப்பள்ளிகள் பல, பெயரில் மட்டும் தோட்டத்தை வைத்துக்கொண்டு நகரோரத்தில் நடக்கின்றன. அங்கே பயிலும் பிள்ளைக்குப் பால்மரம் என்பது தாத்தா கூறும் கதை. இன்னும் நிரை பிடித்து வெட்டிக்கொண்டிருக்கும் நீங்கள் உலர்த்திக் கொடுக்கும் ஓர் இலைத்தாளும் ஒரு பை கொட்டையும் அப்பள்ளிக்குப் பெரிய உதவியாகும்.

எங்கே தொடங்குவது என்று கேட்போருக்கு எளிய வழி ஒன்று கூறுவோம். ஆண்டின் தொடக்கத்து வறண்ட மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்கும். பனிக்காலமே இல்லாத நாட்டில் மரம் இலை உதிர்ப்பதேன் என்னும் கேள்வியை அப்போதே பிள்ளைகளிடம் போட்டு வையுங்கள். புதுத் தளிரும் பூவும் வந்து, காய் முற்றி, கொட்டை விழும் காலத்தில் அன்று விழுந்தவையாக நாற்பது பொறுக்கிக் கொடுங்கள். இருபதை உடனே ஈர மணலில் பதிக்கட்டும். மற்ற இருபதை அலமாரியில் இரண்டு மாதம் வைத்திருந்து பின்னர்ப் பதிக்கட்டும். 1876-இல் பிரேசிலிலிருந்து விக்காம் கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 கொட்டைகளில் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை 3,000-க்கும் குறைவு. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகள் 22. அவற்றிலிருந்து கோலகங்சாரில் நடப்பட்டவற்றுள் ஒன்று இன்றும் அவ்வூரில் நிற்கிறது. இவ்வளவு கொட்டைகள் ஏன் வீணாயின என்பதை, தம் நாற்பது கொட்டைகளில் எத்தனை முளைத்தன என்று எண்ணிக் கரும்பலகையில் எழுதிய பின் பிள்ளைகளே கூறுவார்கள். கொட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்க வேண்டா. புழுங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும். ஈரமான மரத்தூளில் இட்டுக் கொடுத்தால் நல்லது.